செட்டை அண்ணையின் காகங்கள்

பொலிஸார் சோதனைக்கு வந்த காலையில் எங்கள் வெள்ளவத்தை லொட்ஜில் இருந்தவர்கள் மூவர்: கனடா விசாவுக்குக் காத்திருந்த தவம், வங்கியில் வேலை பார்த்த சிவநேசன், நான். இல்லாதவர் செட்டை அண்ணை. கொழும்புக் காகங்களை அவ்வளவு மரியாதையாக நடத்திய மனிதர் வேறொருவர் பிறந்திருக்க முடியாது.

யாழ்ப்பாணத்தார் இறகைச் செட்டை என்பார்கள். அண்ணை ஒரு கல்லூரியில் இரசாயன ஆய்வுகூட உதவியாளர். தெருத்தெருவாக உதிர்ந்த காக்கை இறகு பொறுக்குவார், காரணமும் சொல்வார்: பெற்றோல் வாகனங்கள் கக்கும் புகையில் ஈயம் இருக்கிறது. அது காகத்தின் இரத்தத்தில் சேர்ந்து, முளைக்கிற இறகில் தங்கிவிடும். இறகு முற்றியதும் இரத்தம் அங்கே போகாது, உள்ளே போனது உள்ளேதான். ஆகவே உதிர்ந்த இறகை அளந்தால் அந்தத் தெருப் பிள்ளைகள் எதைச் சுவாசிக்கிறார்கள் என்று தெரியும். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் கண்டவன் நான். இதையெல்லாம் கொப்பியில் எழுதிக்கொண்டேன்.

"இரத்தத்தையே எடுத்துப் பாக்கலாம்தானே அண்ணை?"

"எந்தக் காகம் தம்பி கையை நீட்டும்?"

மேலே ஒட்டிய தூசி போகாவிட்டால் அளவு பிழைக்குமாம். அதனால் எங்கள் குளியலறை வாளியில் ஒவ்வோர் இறகையும் மூன்று தரம் அலசி, கொடியில் கிளிப் போட்டுக் காயவிடுவார். ஒருமுறை என் வெள்ளைச் சேட்டின் பைக்குள் விழுந்த இறகோடு நேர்முகத் தேர்வுக்குப் போய் வந்தேன்.

"காகத்துக்குச் சோறு வைக்கிறது தெரியும் அண்ணை," என்பார் தவம். "குளிக்க வாக்கிறதை இஞ்சதான் பாக்கிறன்."

அன்று பொலிஸார் அண்ணையின் அலுமாரியைத் திறந்தார்கள். மூன்று வருடத்து இறகு உறைகள், இடமும் திகதியும் எழுதி அடுக்கியபடி: கொட்டாஞ்சேனைச் சந்தி, பேலியகொடை மீன்சந்தை, பாமன்கடைப் பாலம், பொலிஸ் நிலையப் பின்மதில். அந்தப் போர் நாட்களில் ஒரு தமிழனை வருடக்கணக்கில் உள்ளே வைக்க இப்படியொரு பட்டியல் போதும். அந்த நேரம் பார்த்து அண்ணை கையில் பையோடு வாசலில் வந்து நின்றார்.

"மே மொனவத?" இன்ஸ்பெக்டர் ஓர் உறையை ஆட்டி, இது என்ன என்று கேட்டார்.

"கபுட்டு பிஹாட்டு, மாத்தயா."

காக்கை இறகு, ஐயா என்று அண்ணை சொன்னதை எந்தப் பொலிஸ் நம்பும்? உறைகளை மேசையில் கொட்டச் சொன்னார். என்னைக் கொண்டு போங்கள், உறையைக் கொட்டாதீர்கள் என்று அண்ணை சிங்களத்தில் மன்றாடினார். கொட்டினார்கள். மேலே மின்விசிறி சுழன்றுகொண்டிருந்தது. கூடமெல்லாம் இறகு பறந்தது. ஒன்று இன்ஸ்பெக்டரின் தொப்பியில் போய் இருந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை. அண்ணையை ஜீப்பில் ஏற்றினார்கள்.

பின்னேரம் நடந்தே திரும்பி வந்தார். சட்டைப் பையில் புதிய உறை இரண்டு.

"ஈயக் கதையை விளங்கப்படுத்தினன். இன்ஸ்பெக்டர் கேட்டவர், தன்ரை ஆக்கள் நாள் முழுக்கச் சந்தியிலை புகைக்குள்ளை நிக்கினம், அவைக்கு ஒண்டும் செய்யாதோ எண்டு. தலைமயிரிலையும் ஈயம் நிக்கும் எண்டன். ரெண்டு பேர் வெட்டித் தந்தவை."

உறைகளில் இரண்டு கான்ஸ்டபிள்களின் தலைமயிர். திகதியும் சந்தியின் பெயரும் எழுதியிருந்தார்.

பிறகுதான் கூடத்தைப் பார்த்தார். நாங்கள் இறகுகளைக் கூட்டி ஒரு சாக்கில் போட்டிருந்தோம். எது எந்தத் தெருவினது என்று இனிக் காகத்துக்கே தெரியாது.

"மூண்டு வருசம்," என்றார், ஒரே ஒரு தரம். பிறகு உட்கார்ந்து வெறும் உறையொன்றில் கொட்டாஞ்சேனை என்று எழுதத் தொடங்கினார்.

தவம் அவருக்குப் பக்கத்தில் போய் நின்றார். "எந்த மதிலடி அண்ணை? காலி வீதிப் பக்கத்தை நான் பாக்கிறன்."

சிவநேசன் பாமன்கடையை எடுத்தார், நான் பேலியகொடையை. அலுமாரியின் முதல் தட்டு நிரம்பியபோது எண்ணிப் பார்த்தேன். எனக்கும் சிவநேசனுக்கும் ஆளுக்கு இருபத்திரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் செலவாகியிருந்தன. தவத்துக்கு இருபத்தொன்று, கடைசி ஞாயிறு அவர் கனடா விமானத்தில் இருந்தார்.