பெஞ்ச் அண்ணாச்சியின் பஸ் பைத்தியம்

ஐதராபாத்தில் வேலையே இல்லாமல் ஓய்வொழிச்சலின்றி உழைத்த ஒரே மனிதர் எங்கள் பெஞ்ச் அண்ணாச்சிதான்.

இரண்டாயிரத்து இரண்டில் எங்கள் சாஃப்ட்வேர் கம்பெனிக்கு வந்துகொண்டிருந்த அமெரிக்க வேலைகள் திடீரென்று நின்றுபோயின. பாதிப் பேரைச் சம்பளம் கொடுத்துச் சும்மா உட்காரவைத்தார்கள். அதற்குப் பெயர்தான் பெஞ்ச். மற்றவர்கள் கொட்டாவி விட்டுத் தாடையைச் சுளுக்கிக்கொண்டிருந்தபோது, திருநெல்வேலிக்காரரான அண்ணாச்சி நான்காம் நாள் எழுந்துபோய், வாசலில் வந்த பஸ்ஸில் ஏறி, கடைசி நிறுத்தம்வரை போய்விட்டு வந்தார்.

"எதுக்கு அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"சும்மா இருந்து இருந்து என் மூஞ்சி எனக்கே போரடிக்கு, தங்கச்சி. பஸ்ஸு எப்படியும் போவுது, நாமளும் போவோமேன்னு ஏறிட்டேன்."

பிடித்தது பைத்தியம். தினம் ஒரு பஸ். கடைப் பலகைகளைப் பார்த்தே தெலுங்கு படித்தார். எந்தத் திருப்பத்தில் எந்தப் பக்க ஜன்னலுக்கு மிளகாய் பஜ்ஜி வாசனை வரும் என்று நோட்டில் குறித்துவைத்தார். மேனேஜர் தேடினால், "லைப்ரரியில இருக்கார் சார்" என்று நாங்கள் மாறி மாறிப் புளுகினோம். கம்பெனியில் லைப்ரரியே கிடையாது.

அந்தச் சமயத்தில் திருச்சியிலிருந்து என் அப்பா முதல்முறையாக வந்தார். செகந்திராபாத் ஸ்டேஷனிலேயே இருக்கும்படி நூறு தடவை சொல்லியிருந்தேன். ரயில் அதிசயமாக முன்னதாகவே வந்துவிட்டது. மகளுக்கு எதற்குத் தொந்தரவு என்று, மாரெட்பள்ளியில் இருந்த என் அறைக்குத் தானே வர நினைத்து ஏதோ ஒரு பஸ்ஸில் ஏறிவிட்டார். நான் ஸ்டேஷனுக்குக் கிளம்பும்போது ஆபீஸ் போன் அடித்தது.

"அம்மாடி, கடைசி ஸ்டாப்னு இறக்கி விட்டுட்டாங்க. என்ன ஊருன்னே தெரியலை. பூட்டின கடை வாசல்ல காசு போடுற போன் மட்டும் இருக்கு, ஆளே இல்லை. வேற ஒத்தை ரூபாய்க் காசும் இல்லைம்மா."

ஒரு ரூபாய்க்கு ஒரு நிமிஷம்தான். அப்பா சர்க்கரைக்காரர், மாத்திரை போட்டிருப்பார், சாப்பிட்டிருக்க மாட்டார். "எந்த ஊர்னே தெரியலையாம் அண்ணாச்சி!" என்று அலறினேன். அண்ணாச்சி ரிசீவரைப் பிடுங்கினார்.

"ஐயா, வழியில ஓட்டு பங்களா, பெரிய பெரிய மரமெல்லாம் வந்துச்சா? மிலிட்டரிக்காரங்க ஓடுனாங்களா? கடைசியில ஒரு வேகத்தடையில தலை கூரையில முட்டுச்சா?"

"நல்லா முட்டுச்சு தம்பி!" அப்பாவின் குரல் எனக்கே கேட்டது.

"நீங்க இருக்கது போலாரம்! பஸ் வந்த வழியே கொஞ்சம் நடங்க, டீக்கடை வரும். மொதல்ல பிஸ்கட்டாவது சாப்பிடுங்க, காசு நாங்க வந்து..."

இணைப்பு அறுந்தது.

"ஆட்டோ பிடிக்கலாம் அண்ணாச்சி."

"ஆட்டோவா? நக்கோ!" என்று உள்ளூர் பாஷையில் மறுத்துவிட்டு, என்னை இழுத்துக்கொண்டு பஸ்ஸில்தான் போனார்.

டீக்கடையில் அப்பா ஆறாவது பிஸ்கட்டில் இருந்தார். திரும்பும்போது நான் முன்னால் பெண்கள் சீட்டில் தனியாக உட்கார்ந்தேன். பின்னால் இருவரும் வெளியே கை காட்டிச் சிரித்துக்கொண்டே வந்தார்கள். ஓய்வுபெற்று ஒரு வருஷமாக மின்விசிறியையே வெறித்துக் கிடந்த அப்பா, இறங்கியதும் கேட்டார்: "நாளைக்கு எந்த பஸ், தம்பி?"

நான்கு நாள் தங்க வந்தவர் பதினைந்து நாள் இருந்தார்.

ஊருக்குப் போன பிறகும் ஞாயிறுதோறும் போனில் அவருடைய முதல் கேள்வி, "தம்பி நல்லா இருக்காரா?" என்பதுதான். அண்ணாச்சிக்கு வேலை வந்து புனேவுக்குப் போய்விட்டதைச் சொல்ல எனக்கு மூன்று ஞாயிறு பிடித்தது. அப்பா வருத்தப்படுவாரே என்றுதான் தள்ளிப்போட்டேன். சொல்லும்போது உடைந்தது என் குரல்தான்.