சம்மதம் சொல்லாத கொண்டிசன் அண்ணன்

கணினியில் ஒரு மென்பொருளைப் போடும்போது வருகிற நிபந்தனைகளை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை வாசித்த ஒரே மனிதர், இந்தப் பூமியில் எங்கள் கொண்டிசன் அண்ணன்தான். அவற்றை எழுதிய வழக்கறிஞர்களே முழுதாக வாசித்திருப்பார்கள் என்று நான் நம்பவில்லை.

அவருக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். மட்டக்களப்பு வாவிக்கரைப் பக்கம் இருந்த எங்கள் தட்டச்சுக் கடையில் யாரும் அதைக் கேட்டதில்லை. எதற்கெடுத்தாலும் நிபந்தனை, அதாவது 'கொண்டிசன்' என்ன என்று கேட்பதால் ஒட்டிக்கொண்ட பெயர்தான் நிலைத்தது. தன் கல்யாணத்தில், போதகர் "சுகத்திலும் சுகவீனத்திலும்" என்று வாக்குறுதியைச் சொல்லிக்கொடுக்க, "ஐயா, அந்தக் கொண்டிசன இன்னொருக்கா மெதுவா வாசியுங்க" என்றாராம். பெண்ணின் தாய்க்கு மயக்கமே வந்துவிட்டது. சுனாமிக்குப் பிறகு முகாமில் கூடாரம் கொடுக்க வந்த வெள்ளைக்காரரிடம், "இது காத்துல கிழிஞ்சா ஆர் பொறுப்பு?" என்று கேட்டு, பின்னால் நின்ற வரிசை முழுவதையும் வெயிலில் வேகவைத்தார். ஆளை அனுப்பினால் போதும் என்று அவருக்குத்தான் முதல் கூடாரத்தைக் கொடுத்தார்கள்.

கடை முதலாளி காத்தான்குடிக்காரர். முஸ்லிம் அண்ணன்மாரை அழைப்பதுபோல அவரை நாங்கள் காக்கா என்போம். கல்யாணக் கார்ட்டும் மரண அறிவித்தலும்தான் எங்கள் பிழைப்பு. போர் முடிகிற காலம் நெருங்க நெருங்க வேறொரு வேலையும் சேர்ந்தது. காணாமல் போன பிள்ளைகளைத் தேடும் தாய்மாரின் முறைப்பாடுகளைத் தட்டச்சுச் செய்வது. அண்ணன் ஒவ்வொரு வசனத்தையும் உரத்து வாசிப்பார். தாய் "ஓம்" என்றால்தான் அடுத்த வசனம்.

கதிரவெளியிலிருந்து கனகம்மா அக்கா மாதாமாதம் பஸ் ஏறி வருவார். மகனைக் கொண்டுபோனது யார் என்று அவருக்குத் தெரியும். ஆனால் எழுதச் சொல்லமாட்டார். "வந்தவங்க எண்டு மட்டும் போடுங்க தம்பி" என்பார்.

இப்படி இருக்கையில், ஒரு நாள் காலை நாங்கள் தமிழ் அடிக்கும் இலவச மென்பொருள் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டு, புது நிபந்தனைகளுக்குச் சம்மதம் கேட்டது. நான் வழக்கம்போல பொத்தானை அமத்தப் போனேன்.

"கைய எடு" என்றார் அண்ணன்.

அவர் வாசிக்க வாசிக்க முகம் வெளிறிக்கொண்டு போனது. இந்த மென்பொருளில் எதை அடித்தாலும் ஒரு பிரதி கம்பனிக்குப் போகுமாம். கம்பனி அதை விரும்பியபடி பாவிக்கலாமாம், விரும்பியவர்களுக்குக் கொடுக்கலாமாம்.

"விரும்பினவங்க எண்டா ஆரு?" என்று அண்ணன் கேட்டார். பக்கத்துக் கதிரையில் இருப்பவனிடமே குரலைத் தாழ்த்திப் பேசிய காலம் அது. நாங்கள் திகைத்துப்போய் இருந்தோம்.

காக்காதான் முதலில் தெளிந்தார். "அவன் கல்யாணக் கார்ட்டத்தானே வாசிக்கப் போறான். வாசிச்சிட்டுக் கல்யாணத்துக்கு வரட்டும், சோறு போடுவம். அமத்துங்க மகன்."

"கனகம்மா அக்காட மகன்ட பேரும் போகும் காக்கா."

காக்கா அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

சம்மதம் சொல்லாவிட்டால் மென்பொருள் திறக்காது. கடை வேலை நின்றது. கார்ட் அடிக்க வந்த ஒரு மாப்பிள்ளையின் தகப்பனுக்கு அண்ணன் நிபந்தனைகளை விளக்கத் தொடங்க, மனிதர் பாதியில் எழும்பி ஏறாவூருக்குப் போய் வேறு கடையில் அடித்துக்கொண்டார். அண்ணன் அசையவில்லை. தமிழ்த் தட்டச்சுக்காரர்கள் கூடுகிற இணைய அரங்கு ஒன்றில், ஆங்கில எழுத்துகளிலேயே தமிழை அடித்து, "பெருமதிப்புக்குரிய கம்பனியாருக்கு" என்று தொடங்கி, முறைப்பாடு எழுதும் பாணியிலேயே ஒரு நீண்ட கடிதத்தைப் போட்டார்.

பற்றிக்கொண்டது. பாரிஸ், டொரன்டோ, லண்டன் என்று எங்கெங்கோ இருந்து வந்து திட்டினார்கள். ஒரு சங்கம் வைத்தால் ஒன்பதாக உடைக்கிற எங்கள் ஆட்கள் ஒரே குரலில் திட்டியதுதான் எனக்குப் பெரிய அதிர்ச்சி. அதைவிடப் பெரிய அதிர்ச்சி, கம்பனி பணிந்தது. பிரதி எடுக்கும் நிபந்தனையை நீக்கிவிட்டோம், மன்னியுங்கள் என்று அறிவித்தது. எந்த அரசாங்கக் கந்தோருக்கு எழுதினாலும் பதில் வராத ஊர் எங்களுடையது. முகம் தெரியாத ஒரு கம்பனி பதில் போட்டிருக்கிறது என்பதை நம்பவே முடியவில்லை.

அண்ணன் மன்னிப்பையும் முழுக்க வாசித்தார். "இதுக்குள்ளயும் ஒரு கொண்டிசன் கிடக்கு. இந்த அறிவித்தல் முன்னறிவித்தல் இல்லாம மாத்தப்படலாமாம்."

காக்கா இனிப்புக்கு வட்டலப்பம் வரவழைத்தார். தின்றுகொண்டிருக்கும்போது கனகம்மா அக்கா வந்தார். அண்ணன் நடந்ததையெல்லாம் பெருமையாகச் சொன்னார். "இனிப் பயமில்ல அக்கா. உங்கட கடிதம் அவனுகளுக்குப் போகாது."

அக்கா நிமிர்ந்து பார்த்தார். "அப்ப அவங்க வாசிக்கத்தான் இருந்தவங்களா?"

"ஓம். நாங்க மறிச்சிட்டம்."

"ஏன் தம்பி மறிச்சீங்க? நான் குடுக்கிற இடத்துல ஒருத்தரும் வாசிக்கிறாங்க இல்ல. அவங்களாவது வாசிக்கட்டன்."

ஊரில் எல்லாருடைய சம்மதத்தையும் கேட்டுக் கழுத்தறுத்த மனிதர், இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அக்காவிடம் கேட்கவில்லை. எனக்கு அழுகை வந்தது.

பிறகு அண்ணன் தன் கதிரையை அக்காவுக்கு இழுத்துப் போட்டார். கணினியை நிறுத்தினார். "அக்கா, அவன்ட உயரம், அடையாள அட்டை, போட்டிருந்த சேட்டு எல்லாம் எனக்குப் பாடம். அவன் எப்பிடிப் பொடியன் எண்டு நான் கேக்கவே இல்ல. சொல்லுங்க."

"அவனா?" என்றார் அக்கா. "சுனாமி அண்டைக்கு என்ன உட்டுப்போட்டு முதல்ல ஆட்டுக்குட்டியத் தூக்கிட்டு ஓடினவன் தம்பி. மறுகா கிறுகித் திரும்பி வந்துதான் என்ன இழுத்தவன்." சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்தக் கடையில் அவர் சிரித்து நாங்கள் பார்த்ததே இல்லை.

கடைசி பஸ் வரும்வரை அக்கா மகனைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருந்தார். அண்ணன் இடையில் ஒரு கேள்வியும் கேட்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். எரிச்சலூட்டும் அந்த மனிதர்மீது எனக்கு அன்றைக்கு வந்த அன்பு இன்றுவரை குறையவில்லை.