முடிவைச் சொல்லாத பொஸ்தவ அண்ணாச்சி

புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, நேராகப் பிடித்திருப்பவனைவிட வேகமாகப் படித்துமுடிக்கிற மனிதர் இந்த இந்தியா முழுவதற்கும் ஒரே ஒருவர்தான். அவர் தென்காசியில் இருக்கிறார். இதை நான் எந்தக் கோர்ட்டில் வேண்டுமானாலும் கூண்டேறிச் சொல்லத் தயார். சர்க்கஸில் கற்ற வித்தை இல்லை இது. பிழைப்பு கற்றுக்கொடுத்தது. எப்படி என்பதற்கு முன்னால் ஆளைச் சொல்லிவிடுகிறேன்.

ஊருக்கு அவர் பொஸ்தவ அண்ணாச்சி. சொந்தப் பெயர் என்று ஒன்று இருந்திருக்கத்தான் வேண்டும்; ஆனால் பார்சலின் மேல் அந்தப் பெயரைப் பார்த்தால் தபால்காரரே சந்தேகத்தோடு இரண்டு முறை திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பார். நான் பி.ஏ. முடித்துவிட்டு, கண்ணில் பட்ட வேலைக்கெல்லாம் மனுப் போட்டுக்கொண்டு, கால் ஒரு இடத்தில் நிற்காமல் திரிந்த வருஷம் அது. அண்ணாச்சிக்கு அப்போது முப்பத்தாறு வயது. கல்யாணம் ஆகவில்லை. அக்கா ஒருத்தி கூட இருந்து சமைத்துப் போட்டாள். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கடை. உள்ளே இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் ரோட்டில் நின்று பஸ்ஸுக்கு வழிவிட வேண்டும்.

எந்தப் புத்தகத்தையும் தான் படித்துப் பார்க்காமல் விற்கமாட்டார். அதே சமயம் வாங்குகிறவன் கைக்குப் புத்தகம் புதுக்கருக்கு அழியாமல் போகவேண்டும். இரண்டுக்கும் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். புத்தகத்தை இரண்டு விரல் அகலத்துக்கு மட்டும் விரித்து, அந்த இடுக்குக்குள் ஒற்றைக் கண்ணை விட்டுப் படிப்பார். இப்படிப் படித்துப் படித்துக் கழுத்து இடது பக்கம் சாய்ந்தே போய்விட்டது. புதிதாகக் கடைக்கு வருகிறவர்கள் அவர் ஏதோ ரகசியம் கேட்கிறார் என்று நினைத்து, தாங்களும் குனிந்து மெதுவாகப் பேசுவார்கள்.

கடையில் உட்கார்ந்து படிக்கலாமே என்றால், தொந்தரவு என்பார். தொந்தரவு என்றால், புத்தகம் வாங்க ஆட்கள் வந்துவிடுகிறார்களாம். அதனால் கடையைச் சாத்திவிட்டுக் கொல்லம் ரயிலில் ஏறிவிடுவார். புத்தகத்தின் கனத்துக்குத் தகுந்த ஊருக்கு டிக்கெட். இறங்கி அடுத்த வண்டியில் திரும்பிவிட வேண்டியது. நாளடைவில் பக்கக் கணக்கே அவருக்கு மறந்துபோயிற்று. "இது செங்கோட்டை வரைக்கும் தாங்கும் தம்பி" என்றால் மெலிந்த புத்தகம். ஆரியங்காவு என்றால் நடுத்தரம். புனலூர் என்றால் பொழுதோடு ஆரம்பிக்க வேண்டும். செங்கோட்டை தாண்டி மலைக்குகைக்குள் வண்டி நுழைந்ததும் பெட்டி இருட்டாகிவிடும். அந்த இருட்டு தீரும்வரை வரியின் மேல் விரலை அழுத்திக்கொண்டு மூச்சை அடக்கிக் காத்திருப்பார். ஒருமுறை கதையில் ஒருவன் கத்தியை ஓங்கிய இடத்தில் சரியாகக் குகை வந்துவிட்டது. வெளிச்சம் வந்தபோது இவர் முழித்துக்கொண்டிருந்த முழியைப் பார்த்து, எதிரே இருந்த மலையாளத்து அம்மா வலிப்பு என்று முடிவுகட்டி, இடுப்புச் சாவிக்கொத்தை உருவி இவர் கையில் திணித்தாளாம்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கொள்கை வைத்திருந்தார். கதையின் முடிவை யாருக்கும் சொல்லமாட்டார். என்னைப் போல நின்றுகொண்டே ஓசியில் படிக்கிறவர்களை அவர் விரட்டியதில்லை. ஆனால் கடைசி அத்தியாயம் வந்ததும், தூங்குகிற பிள்ளையின் கையிலிருந்து பொம்மையை எடுப்பதுபோலப் புத்தகத்தை நைசாக வாங்கி அலமாரியில் வைத்துவிடுவார். கெஞ்சிப் பார்த்தேன், கோபித்துப் பார்த்தேன், மங்குஸ்தான் பழம் வாங்கிக்கொடுத்துப் பார்த்தேன். பழத்தைத் தின்றுவிட்டு "நல்லாருக்கு லே" என்றார். அந்த வகையில் முடிவு தெரியாமல் என் மண்டைக்குள் தொங்கிக்கொண்டிருந்த கதைகள் மட்டும் பதினேழு.

ஆனி பிறந்து சாரல் விழ ஆரம்பித்ததும் அண்ணாச்சி இரண்டு டிரங்குப் பெட்டிகளைக் குதிரைவண்டியில் ஏற்றிக் குற்றாலத்துக்குப் போய், பேரருவிக்குப் போகிற பாதையில் கித்தானைக் கட்டிக் கடை போட்டுவிடுவார். அங்கே ஒரு சங்கடம். குற்றாலத்துக்கு வருகிற ஆள் முதலில் உச்சி முதல் உள்ளங்கால் வரை எண்ணெய் தேய்த்துக்கொள்வான். பிறகு எண்ணெய் ஊற வேண்டும். ஊறுகிற நேரத்துக்கு மனுஷனுக்கு வேறு வேலை கிடையாது. நேரே வந்து புத்தகத்தின் மேல் கையை வைப்பான். அண்ணாச்சி கடைக்கு முன்னால் ஒரு கயிறு கட்டினார். கயிற்றுக்கு அந்தப் பக்கம் எண்ணெய் ஆசாமி; இந்தப் பக்கம் அண்ணாச்சி, ஆசாமி படிக்கும்படி புத்தகத்தை நெஞ்சுக்கு நேரே விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்பார். அவன் தலையை ஆட்டினால் பக்கத்தைத் திருப்புவார். கயிற்றுக்கு வெளியே நிற்பவனுக்கு நேராக இருக்கிற எழுத்து இவருக்குத் தலைகீழ். சும்மா நிற்பானேன் என்று மேலேயிருந்து எட்டிப் பார்த்துப் பார்த்தே அந்த அபூர்வப் படிப்பை அவர் படித்தார்.

அந்த சீசனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அன்று சாயங்காலம் நாலு மணிக்கு அண்ணாச்சியைப் பார்க்கத் தென்காசிக்குப் பெண்வீட்டார் வருவதாக ஏற்பாடு. பெண்ணின் அப்பா புளியங்குடியில் எலுமிச்சங்காய்க் கமிஷன் கடை வைத்திருப்பவர். ஒரே மகள், பள்ளிக்கூடத்து டீச்சர். அதற்கு முன் ஆறு இடம் தட்டிப்போயிருந்தது. கழுத்தைப் பார்த்துத் தட்டியது நாலு, தொழிலைப் பார்த்துத் தட்டியது இரண்டு. இதையும் விட்டால் இனி யாரிடமும் போய்க் கேட்கப்போவதில்லை என்று அக்கா சொல்லிவிட்டாள். நாலு மணிக்கு ஆளை வீட்டில் கொண்டுவந்து சேர்க்கிற பொறுப்பு எனக்கு.

காலை ஒன்பது மணிக்குக் கயிற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு ஆள் வந்து நின்றார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். உடம்பெல்லாம் எண்ணெய், இடுப்பில் ஒரு துண்டு. குற்றாலத்தில் அந்தக் கோலத்தில் ஜில்லா கலெக்டரும் கறிவேப்பிலை விற்பவரும் ஒன்றுதான். நடுத்தரமாக ஒரு நாவலைக் கண்ணால் காட்டினார். அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு இலங்கைக்குக் கப்பலேறிப்போன ஒரு பெண்ணின் கதை. அண்ணாச்சி விரித்துப் பிடித்தார்.

வந்தவர் உதட்டை அசைத்து எழுத்தெழுத்தாகப் படிக்கிற ஆள். பிடித்த இடத்தை இரண்டு முறை படிப்பார். நாலு பக்கம் போன பிறகு "ஒருக்க பின்னால போம்வே, அப்பங்காரன் என்ன சொன்னாம்னு பாக்கணும்" என்பார். பத்து மணி ஆயிற்று, பதினொன்று ஆயிற்று. எண்ணெய் காய்ந்து, தேய்த்துவிட்ட ஆளே தேடிக்கொண்டு வந்து இன்னொரு தடவை தேய்க்கவா என்று கேட்டுவிட்டுப் போனார். அண்ணாச்சியின் கை கீழே இறங்க ஆரம்பித்தது. நான் முழங்கையைத் தாங்கிக்கொண்டேன். பகல் ஒன்றரைக்குக் கடைசி அத்தியாயம் வந்தது. அண்ணாச்சி புத்தகத்தை மூடிவிட்டார்.

"என்னவே மூடிட்டீரு?"

"இதுக்கு மேல வாங்கித்தான் படிக்கணும்."

"துண்டோட நிக்கேன், காச எங்கன வச்சிருப்பேன்? குளிச்சிட்டு வந்து வாங்குதேன். இப்பம் ஒண்ணே ஒண்ணு சொல்லும். அந்தப் புள்ள அப்பங்கிட்ட திரும்பி வந்தாளா, இல்லையா?"

"சொல்லமாட்டேன்."

நாலரை மணி நேரம் உம்முடைய மூஞ்சியைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேனே என்றார் அவர். நானும் உம்முடைய மூஞ்சியைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன், அது வேறே விஷயம் என்றார் அண்ணாச்சி. அவர் காலை உதைத்துக்கொண்டு அருவிக்குப் போனார். அவர் திரும்பி வருவதற்குள், நாலு மணியை நினைத்து, நான் கடையைக் கட்டி அண்ணாச்சியை வண்டியில் ஏற்றிவிட்டேன்.

நாலு மணிக்குப் புளியங்குடிக்காரர் வந்தார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் சந்தனம், தோளில் ஜரிகைத் துண்டு. அண்ணாச்சி எழுந்து கும்பிட்டார். வந்தவர் பதில் கும்பிடு போடாமல் அவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். சிறிது நேரம் கழித்துச் சுவரில் இருந்த காலண்டரை அவர் வாசித்தபோது உதடு அசைந்தது. காலையில் துண்டோடு நின்றவரேதான். அண்ணாச்சியும் அதைப் பார்த்துவிட்டார்.

காப்பி வந்தது. புளியங்குடிக்காரர் ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார்.

"வருமானம் என்ன, நெலம் உண்டுமா, ஒண்ணும் நான் கேக்கல. கேக்கதுக்கு எனக்கு ஒரே கேள்விதான். அந்தப் புள்ள வந்தாளா, இல்லையா?"

கதவுக்குப் பின்னால் இருந்த அக்கா, "எந்தப் புள்ள?" என்று கேட்டுவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். தம்பியைப் பற்றி முப்பத்தாறு வருஷமாகத் தெரியாத ஏதோ ஒன்று வெளியே வருகிறது என்று அவளுக்குப் பயம். அது கதையில் வருகிற பெண் என்று நான் ஓடிப்போய் விளக்கினேன். விளங்கியதும் அக்காவுக்கு உயிர் வந்து, சொல்லித் தொலை என்று தம்பியைப் பார்த்துக் கையால் ஜாடை காட்ட ஆரம்பித்தாள். நானும் காட்டினேன். ஒரே வார்த்தை. வந்தாள், அல்லது வரவில்லை. கல்யாணம் முடிந்த மாதிரி.

அண்ணாச்சிக்கு வேர்த்தது. துண்டால் துடைத்தார். மறுபடி வேர்த்தது.

"மன்னிக்கணும். எழுதுனவன் நூத்தம்பது பக்கம் ஒங்களக் கைபிடிச்சுக் கூட்டிட்டு வந்திருக்கான். வாசல்ல வச்சு நான் நடுவுல பூந்து சொல்லப்படாது."

புளியங்குடிக்காரர் மிச்சக் காப்பியைக் குடித்து முடித்தார். எழுந்து செருப்பைப் போட்டார். அக்கா வெட்கத்தை விட்டு வாசலுக்கே வந்து, என்ன முடிவு சொல்லுகிறீர்கள் என்று கேட்டாள்.

"ஒங்க தம்பி முடிவைச் சொல்லலைல்லா. நானும் சொல்லல" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார்.

அதற்குப் பிறகு மூன்று நாள் நான் பார்த்த அண்ணாச்சி வேறு ஆள். திங்கட்கிழமை ஒரு புத்தகத்தை முழுசாக, முதுகு ஒடிய விரித்து வைத்துக்கொண்டு வெறித்தார். செவ்வாய்க்கிழமை எண்ணெய்க் கையோடு ஒருவன் கயிற்றைத் தாண்டி வந்து மூன்று புத்தகத்தைத் தடவிவிட்டுப் போனான். இவர் பார்த்துக்கொண்டே இருந்தார். புதன்கிழமை நான் பார்த்ததைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். புதிதாக வந்த ஒரு நாவலைக் கடைசிப் பக்கத்திலிருந்து படித்துக்கொண்டிருந்தார். முடிவு தெரியாமல் இருப்பது எப்படிப்பட்ட வேதனை என்று பதினேழு கதை பாக்கியுள்ள எனக்குத் தெரியும். ஆனால் என் கதைகளில் கப்பலேறிப் போகிறவள் யாரோ. இவருடைய கதையில் அவரே அல்லவா நிற்கிறார்.

வியாழக்கிழமை காலை, கப்பலேறிப்போன பெண்ணின் அந்த நாவலைக் காகிதத்தில் சுற்றி என்னிடம் நீட்டினார். "புளியங்குடிக்குப் போய் அவருகிட்ட குடுத்துட்டு வா. ஒண்ணும் கேக்காத." பஸ் ஏறப்போனபோது பின்னாலேயே வந்து, "கேக்காண்டாம். மொகத்த மட்டும் பாத்துட்டு வா" என்றார்.

புளியங்குடியில் கமிஷன் கடை முழுக்க எலுமிச்சங்காய்க் குவியல். வாசலில் லாரி நின்றது. புளியங்குடிக்காரர் பொட்டலத்தைப் பிரித்தார். கையைத் துண்டில் மூன்று முறை துடைத்துக்கொண்டார். சாக்கின் மேல் உட்கார்ந்து கடைசி அத்தியாயத்தை எடுத்தார். பதினோரு பக்கம். லாரி டிரைவர் ஹாரனை அடித்துப் பார்த்தான். பிறகு அவனும் வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிட்டான். உதடு அசைந்துகொண்டே இருந்தது. முடித்ததும் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு கண்ணைத் துடைத்தார். எலுமிச்சைச் சாறு தெறித்துவிட்டது என்று டிரைவரிடம் சொன்னார். காய் எதுவும் அங்கே நறுக்கப்பட்டிருக்கவில்லை.

அந்தப் பெண் வந்தாளா இல்லையா என்று நீங்கள் என்னைக் கேட்கக்கூடாது. அண்ணாச்சி இன்னும் கடை நடத்துகிறார்.

"இத அன்னைக்கே அவரு வாயால சொல்லியிருந்தா பாழாப் போயிருக்கும்லா" என்றார் புளியங்குடிக்காரர். பிறகு என் பக்கம் குனிந்தார். "எம் மக ஞாயித்துக்கிழமயே சொல்லிட்டா. கல்யாணமே போனாலும் போகட்டும்னு ஒரு வார்த்தைய வாய்க்குள்ளயே வச்சிருந்தாருல்லா, அவரையே பேசி முடிங்கன்னு. நாந்தான் நாலு நாள் ஊறட்டும்னு விட்டேன். நாளைக்கு வெள்ளிக்கிழம, வெத்தலபாக்கோட வந்து நானே சொல்லுதேன். அதுவரைக்கும் நீ வாயத் தெறக்கப்படாது."

தெறக்கமாட்டேன் என்று அவர் கையில் அடித்துச் சத்தியம் செய்தேன். மனசுக்குள் சந்தோஷத்தில் குதித்தேன் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். முதன்முதலாக ஒரு முடிவு எனக்குத் தெரியும், அண்ணாச்சிக்குத் தெரியாது. கடையநல்லூர் வரைக்கும் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று பஸ் கண்ணாடியில் பழகினேன். கேட்டால், "மிச்சம் நாளைக்கு" என்று சொல்ல வேண்டும். பதினேழு கதைக்கும் சேர்த்து ஒரே ஒரு ராத்திரி. அதிகம் ஒன்றும் இல்லை.

பஸ் தென்காசிக்குள் திரும்பியது. சாரல் விழுந்துகொண்டிருந்தது. அண்ணாச்சி குடையில்லாமல் நனைந்துகொண்டு, உள்ளே வருகிற ஒவ்வொரு பஸ்ஸின் ஜன்னலையும் ஒன்றுவிடாமல் பார்த்துக்கொண்டு நின்றார். காலையிலிருந்து அங்கேயேதான் நிற்கிறார் என்று பார்த்ததுமே தெரிந்தது.

பஸ் நிற்கக்கூட இல்லை. நான் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, அந்தப் பிள்ளை சரி என்று சொல்லிவிட்டாள் என்று பஸ் ஸ்டாண்டுக்கே கேட்கிற மாதிரி கத்திவிட்டேன்.

அண்ணாச்சி ஓடிவந்து ஜன்னல் வழியாக என் கையைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸோடு கூடவே நடந்தார். "நான் ஒண்ணும் கேக்கலையேலே, அதுக்குள்ள சொல்லிட்டியே" என்று திட்டினார். பஸ் நின்று, எல்லாரும் இறங்கி, கண்டக்டர் வந்து என்னைத் தட்டிக் கேட்கும்வரை அந்தக் கையை அவர் விடவில்லை. நானும் விடச் சொல்லவில்லை.