உள்ளே தாழ்ப்பாள் உள்ள கப்பல்

பெட்டிக்குச் சக்கரம் வைத்தவன் ஆழ்வார்குறிச்சிப் பக்கம் வந்திருக்கவே மாட்டான். வந்திருந்தால், பஸ் ஸ்டாப்பிலிருந்து தெரு முடிய பதித்திருக்கும் சிமெண்டுக் கல்லில் அந்தச் சக்கரம் என்ன சத்தம் போடும் என்று ஒரு நிமிஷம் யோசித்திருப்பான். முத்துராணி புதுப் பெட்டியை இழுத்துக்கொண்டு வீடு வந்து சேர்வதற்குள் வாசலுக்கு வாசல் ஒரு தலை எட்டிப் பார்த்தது. பிறகு உள்ளே போய் இன்னொரு தலையைக் கூட்டிக்கொண்டு வந்தது.

முத்துராணிக்கு அந்தச் சத்தமே கேட்கவில்லை. அவள் காதில் அலை அடித்துக்கொண்டிருந்தது.

பள்ளிக்கூட ஆய்வகத்தில் உதவியாளர் வேலை. மயில்துத்தக் கரைசலைக் கலக்கும்போதெல்லாம் அந்த நீலத்துக்குள் ஒரு கப்பல் போகும். கப்பலில் ஒரு ரூம். ரூமுக்கு ஒரு ஜன்னல், கதவுக்கு உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள். "என் சட்டை எங்க?" என்று கேட்க ஒரு ஆள் கிடையாது. பையன்கள் வந்து பியூரெட் கேட்டு நிற்பார்கள். அவள் லட்சத்தீவில் இருப்பாள்.

மேலப்பாளையத்தில் டிராவல்ஸ் வைத்திருக்கும் ஸமீஹாதான் கொச்சியிலிருந்து புறப்படும் கப்பலுக்கு டிக்கெட் போட்டுக் கொடுத்தாள்.

"தனி ரூம்னா ரேட்டு இடிக்கும்க்கா. தனியா வார லேடீஸ் ரெண்டு பேரை ஒரே ரூம்ல போடுவாங்க. முன்னப்பின்ன தெரியாத ஆளாத்தான் இருக்கும்."

"தெரியாத ஆளுன்னா சரி. நாளைக்கு என்ன குழம்புன்னு கேக்க மாட்டாள்லா?"

வீட்டில் சொல்ல நல்ல நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பெட்டி முந்திக்கொண்டது.

அந்தத் தெருவில் ஒரு பெண் பெட்டியோடு தெரிந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். உரக்கடையைத் திறந்தது திறந்தபடி போட்டுவிட்டுப் புருஷன் இசக்கிமுருகன் ஓடி வந்தார். பின்னாலேயே, புருஷன் பெண்டாட்டி சண்டைகளைத் தீர்த்துவைப்பதில் பேர்போன கொம்பையா அண்ணாச்சி.

"முந்தாநேத்து சாம்பார்ல உப்பு இல்லன்னேனே, அதுக்கா?" என்றார் இசக்கிமுருகன்.

"இல்ல."

"அப்போ உங்க அம்மை தந்த பித்தளை அண்டாவை நான் எடைக்குப் போட்டது தெரிஞ்சுபோச்சா?"

முத்துராணிக்கு அது அப்போதுதான் தெரிந்தது.

கொம்பையா அண்ணாச்சி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "எங்க தாயி போற?"

"கப்பல்ல, அண்ணாச்சி. கடலுக்குள்ள ஒரு சுத்து."

"அங்கன யாரைப் பாக்கப் போற?"

"யாரையும் பாக்காம இருக்கத்தான் போறேன்."

அண்ணாச்சி பைய இசக்கிமுருகன் பக்கம் திரும்பினார். "ஏலே, அந்தப் புள்ளைய என்னலே செஞ்ச?"

புருஷனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. சண்டை எதுவும் இல்லை என்று நிரூபிக்க முத்துராணி, அத்தனை பேர் முன்னாலும் சத்தமாகச் சொன்னாள்: "அவிய மேல ஒரு குறையும் கிடையாது. தங்கமான மனுசன்."

எட்டிப் பார்த்த தலைகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. நல்ல உடம்போடு இருக்கிற எந்தப் பெண்ணும் ஆழ்வார்குறிச்சியில் இதுவரை இப்படிச் சொன்னதில்லை.

மறுநாள் காலையில் ஹார்லிக்ஸ் பாட்டில்கள் வர ஆரம்பித்தன. சாத்துக்குடி வந்தது. எல்லோரும் அவளிடம் மெதுவாகப் பேசினார்கள். ஸ்டூடியோக்காரர் மட்டும் வாசலில் தயங்கி நின்று, "யக்கா, நல்லதா ஒரு போட்டோ எடுத்து வச்சிருங்க. எதுக்கும் ஆவும்" என்றார். இசக்கிமுருகன் அடுப்படியில் கதவுக்குப் பின்னால் நின்று மூக்கைச் சிந்தினார்.

"எனக்கு ஒரு நோவும் இல்ல!" என்று முத்துராணி கத்தினாள். கத்தியதில் இருமல் வந்தது. அது நிலைமையை மேலும் கெடுத்தது.

கடைசியில் ஒரு பொய் சொன்னாள். "மவனுக்கு வெளியூர்ல வேலை கிடைச்சா, தனியா கப்பலேறி நடுக்கடல்ல மஞ்சள் கரைக்கேன்னு நேந்திருந்தேன். அவனுக்குத்தான் கிடைச்சிட்டுல்லா. போதுமா?"

போதும். நேர்த்திக்கடன் என்றால் எவரும் மேற்கொண்டு ஒரு வார்த்தை பேச மாட்டார்கள். பேச மாட்டார்களே தவிர, கொடுத்துவிடுவார்கள். மஞ்சள் துணியில் முடிந்த காசு, பேரன் பேத்திகளின் முடி, வெள்ளிக் கண்மலர், மாறுதல் கேட்டுச் சித்ரலேகா டீச்சர் எழுதிய விண்ணப்பத்தின் ஜெராக்ஸ். எல்லாம் நடுக்கடலில் சேர்க்க வேண்டியவை. நேர்த்திக்கடன் இருப்பவள் விரதம் பிடிக்க வேண்டாமா என்று அவளுக்கு ஒருவேளைச் சோறும் பாயும் விதித்தார்கள். முத்துராணி பாயில் படுத்து மேலே சுற்றும் ஃபேனைப் பார்த்தாள். ஃபேன் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போனது.

இத்தனைக்கும் மசியாதவள் ஒருத்திதான். இசக்கிமுருகனின் அக்கா ஆறுமுகத்தாய். எதிர்வீடு. அக்கா சொல்லை அவர் தாண்ட மாட்டார். அவள் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் கப்பல் கரையிலேயே கவிழ்ந்துவிடும்.

தினமும் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது மதினி நடையில் காத்திருப்பாள்.

"ஒத்தப் பொம்பளைக்குக் கடலுக்குள்ள என்னட்டி சோலி? யாரு இதெல்லாம் ஏற்பாடு செஞ்சா?"

"மேலப்பாளையத்துல ஸமீஹான்னு ஒரு பொண்ணு, மதினி. நல்ல பொண்ணு."

"ரூம்புக்கு ஜன்னல் உண்டா?"

"உண்டு."

"உள்ள தாப்பா?"

"அதுவும் உண்டு, மதினி."

மறுநாள் சைவச் சாப்பாடு உண்டா என்பது. அதற்கடுத்த நாள் படியேற வேண்டுமா, லிப்ட் இருக்கா என்பது. கேட்டுக்கொண்டே முழங்காலில் எண்ணெய் தேய்ப்பாள். போலீஸ் விசாரணைகூட இத்தனை நுணுக்கமாக நடக்காது. முத்துராணி கைகட்டி நின்று பதில் சொன்னாள்.

இதற்கிடையில் கொம்பையா அண்ணாச்சி வேன் பேசிவிட்டார். கொச்சி வரைக்கும் மேளத்தோடு போய் வழியனுப்புவது, திரும்பும்போது குற்றாலத்தில் ஒரு குளியல்.

தனியாகப் போகிறவளுக்குப் பின்னால் ஒரு வேன். முத்துராணி இன்னொரு பொய்யைச் சொன்னாள். கப்பல் உண்மையில் இந்த வெள்ளிக்கிழமை. "அடுத்த வெள்ளி" என்று எல்லோரிடமும் சொல்லிவைத்தாள்.

அன்று சாயங்காலமே மதினி தீர்ப்புச் சொன்னாள். "சரி, போயிட்டு வரட்டும்லே. இந்த வாரம் நான் தென்காசிக்கு மவ வீட்டுக்குப் போறேன். அவ கிளம்புததுக்குள்ள வந்து உனக்குச் சோறாக்கித் தாரேன்."

முத்துராணிக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படிப்பட்ட மனுஷியைப் போய்ச் சந்தேகப்பட்டோமே!

மதினி கிளம்பிப் போன மறுநாள், புருஷனிடம் மட்டும் காதோடு சொன்னாள். "தேதி முந்திருச்சு. வெளிய சொன்னா வேன் வந்துரும்." பித்தளை அண்டாவை நினைத்து இசக்கிமுருகன் மறுபேச்சுப் பேசாமல், பெட்டியைச் சக்கரம் தரையில் படாதபடி தலையில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாப் வரைக்கும் வந்தார்.

கப்பல் அவள் நினைத்ததைவிட வெள்ளையாக இருந்தது. பாதங்களுக்குக் கீழே தரை லேசாக மூச்சு விட்டது. ரூமில் ஜன்னல் இருந்தது. ஜன்னல் நிறைய மயில்துத்தம். முத்துராணி மெத்தையில் உட்கார்ந்தாள். யாரும் கூப்பிடவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்தாள். அப்போதும் யாரும் கூப்பிடவில்லை. மூடிய கண்ணுக்குள் கடல் வந்து, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தது.

பக்கத்துக் கட்டிலில் ஒரு துணிப்பை. பாத்ரூமில் தண்ணீர் விழும் சத்தம். கதவு உள்ளே தாழிட்டிருந்தது. தெரியாத மனுஷி, பேச்சில்லாத மனுஷி, நல்ல மனுஷி. ரூமில் லேசாக மூட்டுவலி எண்ணெய் மணத்தது.

போன் அடித்தது. ஸமீஹா.

"ரூமுக்குப் போயிட்டீங்களாக்கா? உங்ககூட இருக்கவங்களும் உங்க ஆழ்வார்குறிச்சிதான், பயப்படாதீங்க. பாவம்க்கா, தம்பி பொண்டாட்டி அடுத்த வாரக் கப்பல்ல போறாளாம். அவ கண்ணுல படாம எப்படியாச்சும் இந்த வாரமே போட்டுக் குடுன்னு என் கையைப் பிடிச்சுக் கெஞ்சிட்டாங்க!"