சந்திரபுரியின் நாற்பத்தொரு கதவுகள்

மனிதகுலம் இதுவரை கண்ட நாகரிகங்களுள் தலைசிறந்தது, 2007ஆம் ஆண்டு, புதுச்சேரி மிஷன் வீதியில் ஒரு செருப்புக் கடையின் மாடியில் தழைத்தது. வரலாற்று ஆசிரியர்கள் அதை இன்னும் கவனிக்கவில்லை. படிக்கட்டு குறுகலாக இருந்தது காரணமாக இருக்கலாம்.

நாகரிகத்தின் பெயர் சந்திரபுரி. ஒரு வெளிநாட்டுக் கணினி விளையாட்டின் மேல் கட்டப்பட்ட ராஜ்ஜியம் அது. மாடியில் இருந்த பிரவுசிங் சென்டரிலும், வசதியுள்ளவர்களின் வீட்டுக் கணினிகளிலும் பரவியிருந்தது. குடிமக்கள் இருபத்து மூன்று பேர். இவர்கள் "விளையாடுகிறார்கள்" என்று யாராவது சொன்னால் கோபம் வரும். விளையாடுபவர்கள் வேறு. இவர்கள் ஆளுக்கொரு வேடம் பூண்டு, ஆங்கில எழுத்துகளில் செந்தமிழ் தட்டி, அங்கே "வாழ்ந்தார்கள்".

சகாயசெல்விக்கு அங்கே அரண்மனை வாயிற்காவலாளி வேடம். நெல்லித்தோப்புப் பெண். வாடகை நூலகத்தில் மொழிபெயர்ப்பு நாவல்களாக எடுத்துப் படித்து, பனி பெய்யும் ஊர்களைப் பற்றி வெயிலில் நின்று கனவு காண்பவள். வேடத்துக்கு மனு போட்டபோது இளவரசி, மந்திரவாதி, கடற்கொள்ளைக்காரி எல்லாம் தீர்ந்துவிட்டிருந்தன. காவல்தான் காலியாக இருந்தது. ஈட்டியைப் பிடித்துக்கொண்டு ஓராண்டு நின்றாள்.

சந்திரபுரியின் பெருமை அதன் நன்னெறிகளில் இருந்தது. மொத்தம் பதினாறு பக்கம்.

முதல் நெறி: இன்னொருவருக்கு என்ன நடக்கிறது என்று நாம் தீர்மானிக்கக் கூடாது. "குத்தினேன்" என்று தட்டுவது காட்டுமிராண்டித்தனம். "குத்த முயல்கிறேன்" என்றுதான் தட்ட வேண்டும். குத்துப்பட்டதா இல்லையா என்பதைக் குத்து வாங்குபவர் அறிவிப்பார். இதனால் சந்திரபுரியில் நடந்த பதினொரு பெரும்போர்களில் ஒருவருக்கும் கீறல்கூட விழவில்லை.

இரண்டாம் நெறி: ஒருவரைக் கொல்ல அவருடைய முன்அனுமதி தேவை. பாக்கியலட்சுமி டீச்சர், பகலில் பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் எடுப்பவர், சந்திரபுரியின் கூலிக் கொலையாளி. தளபதியைக் கொல்ல முறைப்படி விண்ணப்பித்தார். "மச்சான் கல்யாணம் முடியட்டும் டீச்சர், கண்டிப்பா செத்துடறேன்" என்று பதில் வந்தது. டீச்சர் ஒரு புதருக்குப் பின்னால் ஆறு வாரம் கத்தியோடு காத்திருந்தார்.

மூன்றாம் நெறிதான் மகுடம். வெளியுலக சமாசாரத்தை யாராவது சொல்லியே தீர வேண்டுமென்றால், அதை இரட்டை அடைப்புக்குறிக்குள் தட்ட வேண்டும். வேடத்தில் இருப்பவர்களோ, அடைப்புக்குறிக்குள் இருப்பதைக் கண்டும் காணாதவர்களாக இருக்க வேண்டும். ஒருமுறை, ((டீச்சர், உங்க வண்டிய போலீசு தூக்கினு போறாங்க)) என்று ஜன்னலோரத்தில் இருந்த ஒருவர் தட்டினார். டீச்சர் அசையவில்லை. கொலையாளிக்குரிய நிதானத்துடன் கத்தியைத் தீட்டிக்கொண்டே இருந்தார். வண்டி போயிற்று. நெறி நின்றது.

இப்படிப்பட்ட ராஜ்ஜியத்தில் ஒரே ஒரு சிறு குறை. கதவுகள் திறக்காது. விளையாட்டைச் செய்த வெளிநாட்டுக்காரர்கள் வீடுகளுக்கு வாசலை வரைந்துவிட்டு, உள்ளே ஒன்றும் வைக்காமல் போய்விட்டார்கள். அரசர் ஆறு ஆண்டுகளாக அரண்மனைக்கு வெளியே நின்றபடி ஆண்டார். அந்த ஓவியக் கதவைத்தான் செல்வி ஓராண்டு காத்தாள்.

காத்துக் காத்து ஒருநாள் அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்த பிறகு ஒரு யோசனை வந்தது. அம்மா சமையல் வேலை செய்யும் விடுதியில் கழித்துப்போட்ட ஒரு பழைய கணினி வீட்டில் இருந்தது. செல்வி அதன் முன்னால் எட்டு மாதம் உட்கார்ந்தாள்.

நாற்பத்தொரு கதவுகள் பிறந்தன. ஒவ்வொன்றும் கிறீச்சென்று அதனதன் குரலில் திறந்தது. ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு வீடு. மீனவர் வீட்டில், தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறையில் அவள் பார்த்தபடியே வலை காய்ந்தது. ஒரு வீட்டின் அடுப்பில் குழம்பு கொதித்தது. ஒரு வீட்டில் பூனை தூங்கியது, நாம் நுழைந்தால் புரண்டு படுத்தது. ஒரு வீட்டில், நாவல்களில் மட்டுமே அவள் சந்தித்திருந்த, ருஷ்யர்கள் தேநீருக்கு வெந்நீர் போடும் சமோவார் இருந்தது. பார்த்ததில்லை என்பதால் அது குழாய் வைத்த குத்துவிளக்கு போல வந்துவிட்டது. அந்த வீட்டு ஜன்னலுக்கு வெளியே பனி பெய்தது. அது கோலமாவு போல வந்துவிட்டது. அதனால் என்ன, ஜில்லென்று இருந்தது.

"இன்னாடி அது, மாட்?" என்று அம்மா கேட்டாள்.

"விளையாட்டுல இல்லாதத நாம செஞ்சி சேக்கறதும்மா. அதுக்குப் பேரு மாட்."

"பால் கறக்குமா?"

"ம்மா!"

"ஜவுளிக்கடையில பில்லு போட ஆள் கேட்டுனு கீறாங்க. ஒரு மாசம் டைம் தர்றேன். அதுக்குள்ள உன் மாடு ஒரு ரூபா கறந்தாலும் சரி, நீ வூட்லயே குந்தி கதவு செய்யி. நான் வாயத் தொறக்க மாட்டேன். கறக்கலன்னா, போயி பில்லு போடு."

அம்மா தனக்குக் கொடுத்த கெடுவையே செல்வி கதவுகளுக்கும் கொடுத்தாள். நன்னெறி வழுவாமல், அரண்மனைச் சுவரில் அறிவிப்பு ஒட்டினாள்: ((கதவுகள் முப்பது நாள் இலவசம். அப்புறம் ஆளுக்கு முப்பது ரூபாய், ஒரே தடவை. கட்டினவங்க கைக்கு மட்டும் திறக்கும். செய்தது: செல்வி.))

ராஜ்ஜியம் ஓடிக்கொண்டிருந்த சர்வர் கணினியை வைத்திருந்தவர் பிரான்சுவா. ஓய்வுபெற்ற லைப்ரேரியன், சந்திரபுரியின் முதலமைச்சர். கதவுகளைச் சர்வரில் ஏற்றியவரும் அவர்தான். "மெர்சி, மத்மசேல்! நீ ஒரு ஜீனியஸ்!" என்று போனில் சொன்னார். அறிவிப்பைப் படித்தாரா என்று கேட்டபோது புண்பட்டார். "அடைப்புக்குறிக்குள்ள இருக்கறத நான் எப்படிப் படிப்பேன்? முதலமைச்சரே படிச்சா ஜனங்க என்னா நினைப்பாங்க?"

ராஜ்ஜியம் கதவுக்குள் புகுந்தது. இரண்டே வாரத்தில் அவரவர் வாளையும் தங்கத்தையும் வீட்டுக்குள் கொண்டுபோய் அடுக்கினார்கள். கொலையாளி பூனை இருந்த வீட்டைப் பிடித்துக்கொண்டார். அரசர் முதல்முறையாக உட்கார்ந்து ஆண்டார்.

பத்தொன்பதாம் நாள், "கதவுக்கு விலையாமே?" என்ற வதந்தி எழுந்தது. அடைப்புக்குறிக்குள் இருப்பதை யாரும் படிப்பதில்லை என்றாலும், எல்லோருக்கும் எப்படியோ தெரிந்திருந்தது. உடனே சபை கூடியது. செல்வி செய்த மண்டபத்தில், செல்வி செய்த ஆசனங்களில் அமர்ந்து, பதினொரு நாள் விவாதித்தார்கள். இவ்வளவு உயர்ந்த விவாதத்தைப் புதுச்சேரி அதற்கு முன் கண்டதில்லை.

"கலை என்பது காற்று. காற்றுக்கு விலை உண்டோ?" என்று கேட்டார் அரசர். வெளியே அவர் பெயர் ஜானகிராமன், உழவர்கரைக்காரர், ஓர் அரசு அலுவலகத்தில் மேல்நிலை எழுத்தர். பிரவுசிங் சென்டரில் ஏசி அறைக்கு மணிக்கு ஐந்து ரூபாய் கூடுதல். அரசர் ஏசி அறையில் இருந்துதான் கேட்டார்.

"இன்று கதவுக்கு, நாளை ஜன்னலுக்கு. இதற்கு முடிவேது?" என்றார் பாக்கியலட்சுமி டீச்சர். டியூஷன் கட்டணம் கொண்டுவராத இருவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு அப்போதுதான் வந்து உட்கார்ந்திருந்தார்.

"சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம்! இம்மூன்றில் கட்டணம் எங்கே வருகிறது?" என்றார் முதலமைச்சர். சபை எழுந்து நின்று கைதட்ட முயன்றது.

செல்வி ஈட்டியைச் சாய்த்து வைத்துவிட்டு முன்னால் வந்தாள்.

"மன்னா, அக்கதவுகளைச் செய்ய எனக்கு எட்டு மாதங்கள் ஆயின."

சபை திடுக்கிட்டது. அரசர் எழுந்தார்.

"காவலாளியே! நீ ஈட்டி பிடிப்பவள். தச்சு வேலை நீ அறிந்தது எங்ஙனம்? வெளியுலக அறிவை வேடத்துக்குள் கொணர்ந்தாய். எச்சரிக்கை ஒன்று!"

செல்வி அடைப்புக்குறிக்குள் தட்டினாள்: ((சார், நான் செல்வி. நான்தான் செஞ்சேன். நெஜமாவே செஞ்சேன்.))

சபை கண்ணியமாக அதைக் காணாமல் இருந்தது.

வேடத்துக்குள் அவளுக்குச் சொல்ல உரிமையில்லை. வேடத்துக்கு வெளியே கேட்க ஆளில்லை. இவ்வளவு கச்சிதமான நெறியைப் பெரிய பெரிய அரசாங்கங்கள்கூட இன்னும் எழுதி முடிக்கவில்லை. செல்விக்குக் கண்ணில் நீர் வந்தது, கூடவே சிரிப்பும் வந்தது. இரண்டும் சேர்ந்து வந்ததில் விக்கல் எடுத்தது.

இருபத்தெட்டாம் நாள் சபை பெருந்தன்மையுடன் ஒரு தீர்மானம் போட்டது. கதவுகளைப் படைத்த "பெயர் அறியாத் தச்சனுக்கு" அரண்மனை முற்றத்தில் சிலை வைக்கப்படும். தீர்மானம் நிறைவேறியதும் அரசர் முதன்முறையாக அடைப்புக்குறிக்குள் இறங்கி வந்தார்: ((செல்வி, அந்தச் சிலையையும் நீயே செஞ்சி குடுத்துடும்மா.))

முப்பதாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. கட்டணம் குறித்த இறுதி வாக்கெடுப்பு. சபை உறுப்பினர்கள் இருபத்திரண்டு பேரும் மண்டபத்துக்குள் இருந்தார்கள். இருபத்து மூன்றாவது ஆள் வாயிலில் ஈட்டியோடு நின்றாள். மாலை நாலு மணிக்கு, "கதவுகள் என்றென்றும் இலவசம்" என்று ஏகமனதாக முடிவாயிற்று. நாலு மணி ஒரு நிமிடத்துக்கு எல்லாக் கதவுகளும் மூடிக்கொண்டன.

செல்வி வெளியேறி, கணினியை அணைத்து, மறுநாளைக்குப் புடவை எடுத்து வைத்தாள். "ஒரு ரூபா?" என்று அம்மா கேட்டாள். "சிலை வெக்கறாங்களாம்" என்றாள் செல்வி. அம்மா அடுப்படிக்குப் போய்விட்டாள்.

மண்டபத்துக்குள் நடந்ததை என்னவென்று புகழ்வது! கெடு முடிந்துவிட்டது என்று ஒருவரும் சொல்லவில்லை. அது வெளியுலக அறிவு. "இது பகைவர் சதி!" என்று முழங்கினார் தளபதி. "கதவைத் திறக்க முயல்கிறேன்" என்றார் அரசர். "யானும் முயல்கிறேன்" என்றார் முதலமைச்சர். இருபத்திரண்டு பேரும் இரண்டு நாள் முயன்றார்கள். கதவுகளைச் சர்வரிலிருந்து கழற்றினால், பின்னால் உள்ள அறைகளும் அறைகளுக்குள் அடுக்கிய தங்கமும் சேர்ந்து மறைந்துபோகும். எல்லோரையும் கொன்றுவிட்டால், விளையாட்டின் விதிப்படி கோயிலில் மறுபடி பிறக்கலாமே என்று கொலையாளி ஆசையோடு விண்ணப்பப் படிவங்களை நீட்டினார். கோயிலுக்கும் கதவு இருப்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது.

உண்மையில், ஒரே ஒருவர் முப்பது ரூபாய் கட்டினால் போதும். அவர் திறக்க, மற்ற இருபத்தொரு பேரும் பின்னாலேயே நடந்து வெளியே வந்துவிடலாம். அந்த ஒருவர் யார் என்பதில் மட்டும் கருத்தொற்றுமை ஏற்படவில்லை.

புதன்கிழமை பகல், ஜவுளிக்கடையில் பில் போடும் மேசைக்குப் பின்னால் செல்வி உட்கார்ந்திருந்தாள். வேலைக்கு வந்து மூன்றாம் நாள். வரிசையில் ஜானகிராமன் வந்து நின்றார். பொருள் எதுவும் இல்லாமல் அந்த மேசைக்கு வர முடியாது என்பதால் கையில் ஒரு கைக்குட்டை வைத்திருந்தார்.

"பதினெட்டு ரூபா சார்."

எண்ணி வைத்தார். பிறகு குனிந்து, குரலைத் தாழ்த்தினார்.

"எப்படிம்மா இருக்கே? அம்மா சௌக்கியமா? அந்தக் கதவு…"

"முப்பது ரூபா சார்."

"காசா பெரிசு? இது கொள்கைப் பிரச்சினைம்மா. சபையக் கூட்டி…"

"சபைதான் கூடியே கீதே சார், உள்ள. கலையவே முடியாம."

"எனக்கு மட்டும் திறந்து விட்டுடேன். யாருக்கும் சொல்ல மாட்டேன்."

"அடுத்தவங்க வாங்க."

அடுத்ததாக பாக்கியலட்சுமி டீச்சர் நின்றார். கையில் கைக்குட்டை. "பூனை தனியா இருக்கும்டி" என்றார். அவருக்குப் பின்னால் தளபதி, கைக்குட்டை. அதற்குப் பின்னால் பிரான்சுவா, லேஸ் வைத்த கைக்குட்டை, இருபத்து நாலு ரூபாய். வாரக் கடைசிக்குள் சபை உறுப்பினர்கள் அனைவரும் வந்துபோனார்கள். நாலு பேர் இரண்டு தடவை வந்தார்கள். கடை முதலாளி அசந்துபோனார். "பொண்ணு வந்த நேரம், கைக்குட்டை ஸ்டாக்கே இல்ல!" என்று இன்னும் ஐந்து டஜன் வரவழைத்தார்.

சனிக்கிழமை ஜானகிராமன் மூன்றாவது கைக்குட்டையோடு வந்தார். மின்விசிறிக்கு அடியிலும் அவருக்கு வியர்த்துக் கொட்டியது. அலுவலகத்தில் இருப்புக்கொள்ளவில்லை, ஆறு நாளாக அரசர் அடைபட்டிருக்கிறார்.

"பதினெட்டு சார்."

எண்ணி வைத்தார்.

செல்வி அதை வாங்கிப் பெட்டியில் போட்டாள். பில்லைக் கிழித்து, கைக்குட்டையை மடித்து, மேலே வைத்து நீட்டினாள். அவளுக்கு மறுபடியும் அந்தச் சிரிப்பு வந்தது. இந்தத் தடவை விக்கல் வரவில்லை.

"இதுக்கு நீங்க சபை கூட்டலையே சார்? மூணாவது தடவையா எடுத்துக் குடுக்கறீங்க. வேர்வையத் துடைக்கற துணிக்குன்னா ஒடனே காசு வருது. வேர்வைக்குத்தான் சிலை."

சந்திரபுரியின் மாமன்னர் பதில் சொல்ல முயன்றார். நெறிப்படி, முயல்வதற்கு மட்டுமே அவருக்கு உரிமை இருந்தது.