நானூறு மைக்ரானும் சுகுணாவின் வலது கண்ணும்

நோய் என்பது விதிகளுக்கு உட்பட்டு, படிப்படியாக, உரிய இடைவெளி விட்டு வளர வேண்டிய ஒன்று. இது அரூரில் மாடியறை ஒன்றில் இயங்கிவந்த கண்நலச் சிறப்பு அனுமதிப் பிரிவின் உறுதியான கொள்கை. சுகுணாவின் வலது கண்ணுக்கு மட்டும் இந்தக் கொள்கையை யாரும் எடுத்துச் சொல்லவில்லை.

சுகுணா, பச்சியப்பன் ஃப்ளெக்ஸ் கடையில் டிசைனர். காதுகுத்தோ கண்ணீர் அஞ்சலியோ, அவள் கை படாமல் ஊரில் ஒரு பேனர் ஏறாது. ஒரு நாள் கல்யாண பேனரில் மாப்பிள்ளைக்கு மூன்று மீசை தெரிந்தது. கண்ணாடியை மாற்றிப் பார்த்தாள். அடுத்தடுத்து மாப்பிள்ளைகள் மாறினார்கள், மீசை மட்டும் மூன்றாகவே இருந்தது.

கண் டாக்டர் பொறுமையாகச் சொன்னார். “கருவிழி மெலிஞ்சு, கூம்பு மாதிரி முன்னாடி தள்ளிக்கிட்டு வருதும்மா. கெட்டி லென்ஸ் போட்டா பார்வை தெளியும், ஆனா நோய் நிக்காது. சொட்டு மருந்து விட்டு புற ஊதா ஒளி காட்டுனா அப்படியே நிறுத்திடலாம். அதுக்குக் கருவிழி நானூறு மைக்ரானாவது கனம் இருக்கணும். உனக்கு நானூத்தி முப்பது இருக்கு. ரொம்ப மெலிஞ்சுட்டா கடைசியில கருவிழியையே மாத்த வேண்டி வரும். கண்ணைத் தேய்க்காதே. அரசு செலவுல செய்யலாம், சீக்கிரம் அனுமதி வாங்கிட்டு வா.”

சுகுணா அன்றைக்கே மனு எழுதினாள். கண் போனால் வேலை போகும். அதை விட்டால் அவளுக்கு வேறு வேலை தெரியாது, பிடிக்கவும் பிடிக்காது.

பிரிவின் கண்காணிப்பாளர் தீர்த்தகிரி நல்ல மனிதர். யாரையும் நிற்க வைத்து விரட்ட மாட்டார். உட்கார வைத்துத்தான் திருப்பி அனுப்புவார்.

“இது வளர்ற நோயை நிறுத்துற சிகிச்சை. சரிதானே?”

“ஆமாங்க சார்.”

“வளருதுன்னு எப்படி நம்புறது?”

“டாக்டர் எழுதியிருக்காருங்க.”

“ஒரே ஒரு ஸ்கேன் வச்சிருக்கீங்க. ஆறு மாசம் விட்டு இன்னொண்ணு எடுத்துட்டு வாங்க. ரெண்டுக்கும் வித்தியாசம் இருந்தா வளருதுன்னு அர்த்தம்.”

“அதுக்குள்ள வளர்ந்துட்டா சார்?”

“அதைத்தானேம்மா நாங்களும் எதிர்பார்க்கிறோம்!”

ஆக, நோய் கொஞ்சம் வளர வேண்டும், ரொம்ப வளரக் கூடாது. சுகுணாவின் அம்மா கோயிலில் எதை வேண்டிக்கொள்வதென்று தெரியாமல் கற்பூரத்தை மட்டும் ஏற்றிவிட்டு வந்தாள்.

ஆறு மாதம் கழித்து எடுத்ததில் முந்நூற்றுத் தொண்ணூறு இருந்தது. தீர்த்தகிரி இரண்டு ஸ்கேனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து மகிழ்ந்தார்.

“பிரமாதம்! சந்தேகத்துக்கு இடமில்லாம வளர்ந்திருக்கு.”

“அப்ப அனுமதி கிடைச்சிருமுங்களா?”

“அதெப்படி? நானூறுக்குக் கீழ போயிடுச்சே. விதி இடம் கொடுக்காது.”

“நீங்கதானே சார் காத்திருக்கச் சொன்னீங்க?”

“உங்களைக் காத்திருக்கச் சொன்னேன். நோயைக் காத்திருக்க வைக்கிறது உங்க பொறுப்பு இல்லீங்களா?”

“சரிங்க, கருவிழி மாத்துறதுக்காவது எழுதிக் கொடுங்க.”

“லென்ஸ் போட்டும் தெரியாதவங்களுக்குத்தான் அது. உங்களுக்குத் தெரியுதா?”

சுகுணாவுக்குப் பொய் வராது. “தெரியுதுங்க. ஆனா நாலு மணி நேரத்துக்கு மேல போட முடியலீங்க, மண்ணை அள்ளிப் போட்ட மாதிரி உறுத்துது.”

“தெரியுதுல்ல? அப்புறம் என்ன, நிம்மதியா வூட்டுக்குப் போங்க.” ‘மனுதாரரின் குறை முழுமையாகக் களையப்பட்டது’ என்று மனுவின்மேல் முத்திரை விழுந்தது.

அந்த ஆண்டு வந்த நாற்பத்திரண்டு மனுக்களும் இப்படியே களையப்பட்டதால், நிலுவையே இல்லாத பிரிவு என்று அதற்கு விருது அறிவித்தார்கள். வரவேற்பு பேனருக்குத் தீர்த்தகிரியே கடைக்கு வந்தார்.

“கீழ வரிசையா பயனாளிங்க போட்டோ வரணும். ‘நன்றியுடன்’னு பெருசா போடுங்க.”

சுகுணாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “யாருங்க சார் தருவாங்க? வெளிய வரிசையில நின்னு அத்தனை பேரும் உங்களைத் திட்டுனதை நானே கேட்டேன்.”

“கேட்டுத்தான் பார்ப்போமே,” என்றார் அவர்.

சாயங்காலத்துக்குள் கடை வாட்ஸப்பில் நாற்பத்தொரு படங்கள் வந்துவிட்டன. ‘என்னை முதல் வரிசையில் போடவும்’ என்று பதினேழு பேர் கேட்டிருந்தார்கள். இரண்டு கண்ணும் மங்கிப்போன மாதையன், பக்கத்து வீட்டுக்காரரை விட்டு, ‘கூலிங் கிளாஸோடு இருப்பதைப் போடவும், அதில்தான் நன்றாக இருக்கிறேனாம்’ என்று அனுப்பியிருந்தார்.

சுகுணா பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொரு முகமாக வெட்டி ஒட்டினாள். கண்ணில் நீர் வழிந்தது. எல்லாம் முடிந்து தள்ளி நின்று பார்த்தபோது, கடைசி வரிசையில் ஒரு கட்டம் மட்டும் காலியாகக் கிடந்து டிசைனையே கெடுத்தது.

லென்ஸைக் கழற்ற இன்னும் பத்து நிமிடம் இருந்தது. சுகுணா தன் செல்போனைத் துழாவி, போன பொங்கலுக்கு எடுத்த தன் படங்களில் நல்லதாக ஒன்றை எடுத்து அந்தக் கட்டத்தில் வைத்து, முகத்தை மட்டும் கொஞ்சம் வெளுப்பாக்கினாள்.