49.6 போதும், மச்சான்

2005ஆம் ஆண்டு டைரியில், தங்கை மாலதியின் நிச்சயதார்த்தப் பக்கத்தில் இப்படி எழுதியிருக்கிறேன்: “காலை 11.10. அதிர்வெண் 49.6. திருகைத் தொட்டேன். 11.25. தொட்டிருக்கக் கூடாது.” தவறுகளை நேரம் போட்டுக் குறித்து வைப்பது என் பழக்கம். திருந்துவதுதான் பழகவில்லை.

அப்போது நான் குரோம்பேட்டையில் எம்.ஈ. மாணவன். மின்தேவை ஏறி இறங்கும்போது மின்நிலையங்கள் தாமாகவே உற்பத்தியைக் கூட்டிக் குறைத்து, மின்சாரத்தின் அதிர்வெண்ணை ஐம்பது ஹெர்ட்ஸில் நிறுத்த வேண்டும். அந்தக் கட்டுப்பாடு எவ்வளவு வேகமாகச் செயல்பட்டால் உத்தமம் என்பதே என் ஆய்வு. ஆறு மாதக் கணக்குக்குப் பிறகு கணினி சொன்ன விடை: எவ்வளவு வேகமோ அவ்வளவு நல்லது. (தென்னிந்திய மின்சாரமே என் பென்டிரைவில் இருப்பதாக நினைப்பு.)

நிச்சயதார்த்தத்தன்று கிழக்குத் தாம்பரம் மண்டபத்தில் கரண்ட் போய், கொல்லைப்பக்கம் வாடகை ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. சமையலறையில் கிரைண்டர் போட்டதும் அதன் அதிர்வெண் மீட்டர் 49.6க்கு இறங்கி அங்கேயே நின்றது. மண்டபத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை. எனக்குத்தான் பொறுக்கவில்லை.

“அண்ணா, ஐம்பது வரலையே?” என்றேன், ஜெனரேட்டர்காரர் மணியிடம்.

“நல்லாத்தானே ஓடிகினுகீது. இன்னாத்துக்கு நோண்டுற?”

“நான் இதுலதாண்ணா ஆராய்ச்சி பண்றேன்.”

“அப்ப காலேஜ்ல போய் நோண்டு.”

அவர் டீ குடிக்கப் போனதும், எஞ்சினின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டியில் இருந்த திருகை என் ஆய்வு முடிவுப்படி முடுக்கினேன். மீட்டர் 50.0 காட்டியது. ராஜநடை போட்டு மண்டபத்துக்குள் போனேன்.

மாப்பிள்ளை வீட்டாருக்காக யாரோ ஏசியைப் போட்டார்கள். எஞ்சின் உறுமியது, அடங்கியது, மறுபடி உறுமியது. என் கணினியில் டீசல் நினைத்த நொடியில் எரியும். நிஜ எஞ்சினுக்கு மூச்சு வாங்கக் கொஞ்சம் நேரம் வேண்டும் என்பதை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை. அதனால் எஞ்சின் வேகம் குறைந்தால் அந்தப் பெட்டி அளவுக்கு மேல் ஏற்றியது. ஏறினால் அளவுக்கு மேல் இறக்கியது. விளக்குகள் பளிச்சென்று எரிந்து மங்கின. வாத்தியார் வெளிச்சம் வரும்போது இரண்டு வார்த்தை லக்னப் பத்திரிகை படித்து, மங்கும்போது நிறுத்தினார்.

மாப்பிள்ளையின் அத்தை எழுந்துவிட்டார். “தட்டு மாத்துற நேரத்துல இப்படியா? இன்னொரு நாள் வெச்சுக்கலாம்.”

அப்பாவின் முகம் மட்டும் மங்கியே இருந்தது.

கொல்லைப்பக்கம் ஓடினேன். மணி அண்ணன் டீ கிளாஸைக் கீழே வைக்காமலே திருகை இரண்டு முறை திருப்பினார். சத்தம் சீரானது.

“மீட்டர் பாக்கலியாண்ணா?”

“காது எதுக்குக் கீது? நீ உள்ள போய் குந்து.”

உள்ளே போனால், மாப்பிள்ளை சிரித்துக்கொண்டிருந்தார். மாலதியும் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அதுவரை இருவரும் ஒருவரையொருவர் நிமிர்ந்துகூடப் பார்த்திருக்கவில்லை. அத்தை அவர்களைப் பார்த்தார், உட்கார்ந்தார். “சரி, மாத்துங்க தட்டை.”

இன்றும் நான் ரசத்துக்கு உப்புப் போடப் போனாலும், ஃபேனைத் துடைக்க ஏறினாலும், மாப்பிள்ளை சொல்வது ஒன்றே: “49.6 போதும், மச்சான்.”

அன்று ஏன் சிரித்தார்கள் என்பதற்கும் அவரிடம் ஒரு கதை உண்டு: விளக்கு மங்கிய ஒரு கணத்தில் அவர் மாலதியிடம், “பின்பக்கம் ஓடினாரே, உங்க அண்ணனா?” என்று கேட்டாராம். “யாருன்னே தெரியாது” என்றாளாம். அவள் மறுக்கிறாள். சாட்சி இல்லை, டைரியிலும் குறிப்பில்லை. இது இதுவரை சரிபார்க்கப்படவில்லை.